வெந்நீர்த் தொட்டிக்குள் வங்காள விரிகுடா

ஆம்பூரில் கடல் இல்லை என்பவர்கள் எங்கள் கடல் பாயைப் பார்த்ததில்லை. நான் வேலை பார்த்த தோல் தொழிற்சாலையின் பாய்லர் ரூமில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, வங்காள விரிகுடா மொத்தத்தையும் அவர்தான் நடத்திவந்தார். ஒரு தடவைகூட அதை நேரில் பார்க்காமல்!

கம்பெனி டூரில் நாங்கள் மெரினாவுக்குக் கிளம்பினால், “பாய்லர யார் பாத்துக்குவாங்க? நீங்க போய்ட்டு வாங்க” என்று நின்றுவிடுவார். பஸ் நகரும்போது ஓடிவந்து ஜன்னலைத் தட்டுவார். “தண்ணி ஜில்லுனு இருக்கா, வெதுவெதுன்னு இருக்கா, தொட்டுப் பாத்துட்டு வாங்கப்பா!” திரும்பி வந்தால் எங்களுக்கு பிரியாணியைப் பற்றித்தான் சொல்லத் தெரியும். இரண்டு நாள் பேச மாட்டார்.

பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பு வேண்டும். அது மரக்காணத்திலிருந்து லாரியில் வரும். டிரைவர் இறங்குவதற்குள் பாய் போய் நிற்பார்.

“அங்க காத்து எந்தப் பக்கம்?”

“உப்ப எறக்க வுடு பாய், பேஜார் பண்ணாத.”

“தெக்கேருந்தா, வடக்கேருந்தா? அத்த சொல்லிட்டு எறக்கு.”

பதில் வந்ததும் பாய்லர் ரூம் சுவரில் சாக்பீஸால் ஓர் அம்புக்குறி விழும்.

நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் சந்தேகம் வந்தால் சோறு இறங்காது. “நீங்க சொல்ற மாதிரி ஆடி மாச வெயில்ல கடல் மட்டும் எப்படி பாய் ஜில்லுனு இருக்கும்?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். டீ கிளாஸை எடுத்து ஓரமாக ஊதினார். பாலாடை எதிர்ப்பக்கம் ஒதுங்கியது.

“பாத்தியா? மேல இருக்கிற சூட்டுத் தண்ணிய காத்து கரைய வுட்டு உள்ள தள்ளிடுது. அந்த எடம் சும்மா கெடக்குமா? அடியிலேருந்து ஜில்லு தண்ணி மேல வரும். ஐப்பசில காத்து திரும்பிச்சுன்னா, வடக்கால போற தண்ணி ஓட்டமும் தெக்கால திரும்பிடும்.”

அவர் ஊதியது என் டீ.

சாயம் போடும் டிரம்முக்கு வெந்நீர் அனுப்புவது என் வேலை. பாய்லர் நீராவியில் சூடாகும் நீளமான திறந்த தொட்டி. மேற்குக் கோடியில் தெர்மாமீட்டர், கிழக்குக் கோடியில் மேல்மட்டத்தில் டிரம்முக்குப் போகும் குழாய். ஓர் ஆடியில் மேற்குச் சுவரின் தகரம் பிய்ந்து பறந்தது. அதன்பின் தெர்மாமீட்டர் ஏறவே இல்லை. எனக்குப் பயம். நீராவியை இன்னும் கொஞ்சம் திறந்தேன். பிறகு இன்னும் கொஞ்சம். மாலையில் இரண்டு லாட் தோல், சாயம் திட்டுத்திட்டாகப் பிடித்து வெளியே வந்தது.

“இன்னாய்யா, தோல சமைச்சியா? திங்கக்கிழமைலேருந்து வராத!” என்றார் மேனேஜர்.

“மீட்டர் கம்மியாத்தான் சார் காட்டிச்சு...” என்றேன். மகள் படிப்பு, வீட்டு வாடகை, டிபன் பாக்ஸை இன்றே எடுத்துப் போவதா என்பதுவரை மனசு ஓடிவிட்டது.

பாய் வந்து தொட்டியைப் பார்த்தார், தகரம் போன ஓட்டையைப் பார்த்தார். முகம் பண்டிகைபோல மலர்ந்தது. “சார், இங்க கை வையுங்க.” மேனேஜர் மேற்குக் கோடியில் விரலை விட்டார். வெதுவெதுப்பு. “இப்ப அங்க.” கிழக்குக் கோடியில் விட்ட விரலோடு துள்ளிக் குதித்தார்.

“இவன் மேல தப்பில்ல சார். ஆடிக் காத்து சூட்டையெல்லாம் அந்தாண்ட தள்ளிடுச்சு. அடித் தண்ணி இந்தாண்ட ஏறிடுச்சு. கடலு சார் இது!”

நம்பாத மேனேஜருக்காக ஓட்டையில் தார்ப்பாய் கட்டினார். அரை மணி நேரத்தில் தெர்மாமீட்டர் தானாக ஏறியது. விரலை ஊதிக்கொண்டே மேனேஜர் சொன்னார்: “திங்கக்கிழமை வந்து தொல.”

போன ஆடியில் மகளைக் கல்லூரியில் சேர்க்கச் சென்னை போனேன். தண்ணீரென்றால் எனக்கு நடுக்கம். இருந்தாலும் கடற்கரைக்குப் போய்க் கணுக்கால்வரை இறங்கி போன் போட்டேன். “பாய், வெயில் கொளுத்துது. தண்ணி ஜில்லுனு இருக்கு.”

மறுமுனையில் பாய்லர் இரைச்சலுக்கு மேல் பாயின் குரல் வந்தது: “எந்தப் பக்கம் இழுக்குது? எதுனா போட்டுப் பாரு.”

“கையில செருப்புதான் பாய் இருக்கு. புதுசு. நம்ம ஊர்ல செஞ்சது.”

“போடுப்பா.”

போட்டேன். ஒரு செருப்பு அலையில் புரண்டு, மெல்ல வடக்கே நகர்ந்தது. மறையும்வரை நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் “ம், ம்” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மற்றொன்று வீட்டு வாசலில் கிடக்கிறது. ஒற்றைச் செருப்பு எதற்கு என்று மனைவி தினமும் கேட்கிறாள். தூக்கிப்போட எனக்கு மனசு வரவில்லை.