ராகு காலத்தில் கிளம்பிய கப்பல்கள்

செந்துறையில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டுப் பெரம்பலூர் திரும்பிய இளையபெருமாள், நேராக பிரவுசிங் சென்டருக்குப் போய்த் தன் கிரகத்தைத் திறந்து பார்த்தான். சுரங்கத்தில் சேர்த்து வைத்திருந்த இரும்பை எவனோ துடைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

2006-ல் அந்த விண்வெளி விளையாட்டில் அவனுக்கு ஒரு கிரகமும் எழுபது கப்பல்களும் இருந்தன. லாரி புக்கிங் ஆபீசில் எல்லோருக்கும் டீ வாங்கி வருகிறவன், அங்கே தளபதி. போலந்து, பிரேசில் ஆட்களெல்லாம் அவனுடைய கூட்டணி. ஆமை வேக இன்டர்நெட்டிலும் ஓடும், காசு கேட்காது. அதுவரைக்கும் நல்ல விளையாட்டுதான். ஆனால் நாம் எழுந்து வீட்டுக்குப் போனாலும் அது நிற்காது. கப்பல்களை வெளியே அனுப்பிவிட்டால், திரும்பி வரும்வரை கிரகம் கதவில்லாத வீடு.

இப்படியே கொள்ளை கொடுத்துக்கொண்டிருந்தால் கூட்டணியில் இடமில்லை என்று போலந்துத் தலைவர் எழுதிவிட்டார். உலகத்தில் இளையபெருமாளை மதிக்கிற இடம் அது ஒன்றுதான்.

இந்த நிலையில் நம் ஊர்க்காரன் எங்கே போவான்? ஜோசியர் தர்மனிடம் போனான்.

கப்பல் கிளப்ப நல்ல நேரம் வேண்டும் என்றதற்கு தர்மன் சிரிக்கவில்லை. காலமெல்லாம் கிரகங்களோடு பழகியவர். கிரகம் எந்தத் திசை, அதன் எண் என்ன, கப்பல் போய்த் திரும்ப எவ்வளவு நேரம், அதுவரை காவலுக்கு யார் என்று தோண்டித் தோண்டிக் கேட்டார். விளையாட்டில் எப்படிச் சேருவது என்பது வரை சொல்ல வேண்டியிருந்தது. இவ்வளவு அக்கறையுள்ள ஜோசியரை இளையபெருமாள் பார்த்ததே இல்லை.

"புதன்கெழம காலைல ஒம்போதரைக்கு மேல அனுப்புங்க தம்பி," என்றார்.

ஆபீசில் பல்வலி என்று சொல்லிவிட்டுக் கப்பல்களை அனுப்பினான். பதினொரு மணிக்குள் யாரோ ஒரு புது ஆள், நாலைந்து ஓட்டைக் கப்பல்களோடு வந்து சுரங்கத்தைக் காலி செய்துவிட்டுப் போனான். பெயர் வாயில் நுழையவில்லை. ஜெர்மனிக்காரன்தான் என்று இளையபெருமாள் முடிவு கட்டினான்.

ஜோசியர் ரொம்ப வருத்தப்பட்டார். வேறு நேரம் குறித்துக் கொடுத்தார். தட்சணைகூட வாங்க மறுத்துவிட்டார். அந்த நேரத்திலும் கொள்ளை. காவலுக்கு வைத்திருக்கும் ரெண்டு பீரங்கிகளும் ஜாதகத்துக்கு ஆகாது என்றார். அவற்றைப் பிரித்துப் போட்டான். ஜெர்மனிக்காரனுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

ஞாயிறு மாலை கூட்டுப் போர் என்று போலந்திலிருந்து ஓலை வந்தது. எழுபது கப்பலும் வர வேண்டும், கிரகமும் கொள்ளை போகக் கூடாது, இதுதான் கடைசி வாய்ப்பு. இளையபெருமாள் தலையில் கை வைத்துக்கொண்டு, ஜெர்மனிக்காரன் வந்த நேரங்களையெல்லாம் யோசித்துப் பார்த்தான். சட்டென்று ஒன்று பிடிபட்டது. ஜோசியரிடம் ஓடினான்.

"ஐயா, அந்த ஜெர்மனிக்காரன் ராகு காலம் பாக்குறான். அந்த நேரத்துல ஒரு தடவ கூட வந்தது இல்ல."

தர்மன் காதைச் சொறிந்துகொண்டார்.

"பாக்குறவங்க எல்லா ஊர்லயும் இருப்பாங்க தம்பி. அப்ப ஞாயித்துக்கெழம ராகு காலத்துலயே அனுப்பிடுங்க. நாலரைக்கு. ஒரு பய வரமாட்டான்."

ஞாயிறு நாலரைக்கு எழுபது கப்பலும் கிளம்பின. போலந்துக்காரர் பாராட்டி எழுதினார். இளையபெருமாள் பெருமையாக ஒரு டீ குடித்துவிட்டு வந்து கிரகத்தைத் திறந்தான். சுரங்கம் காலி. கூட்டணியிலிருந்து அவன் பெயரையும் எடுத்துவிட்டிருந்தார்கள். ராகு காலம் இன்னும் முடியக்கூட இல்லை.

அழுகையை அடக்கிக்கொண்டு ஜோசியர் வீட்டுக்கு ஓடினான். வாசலில் அவருடைய மனைவி அமிர்தவல்லி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஐயா இல்லையா என்று கேட்டான்.

"நம்ம தெருக்கோடில இருக்குற பிரவுசிங் சென்டருக்குப் போயிருக்காருங்க. ராகு காலத்துல வாசப்படி தாண்டாத மனுசன். இன்னிக்கு யாரோ ஒரு பையனோட கப்பல் பூராவும் வெளியில போயிருக்காம், வூடு தொறந்து கெடக்குதுன்னு சட்டைய மாட்டிக்கிட்டு ஓடுனாரு."