ஹேர்னிங்கில் ஒரு லண்டன் வோட்டு

மூன்றாவது ஆளுக்கும் "ஓம்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை மேசையில் வைத்த பிறகுதான், தான் செய்த வேலை குகநேசனுக்கு உறைத்தது. கையில் இருப்பது ஒரே ஒரு வோட்டு. அதை மூன்று கட்சிகளுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

"ஆர், கஜரூபனோ?" என்று குசினிக்குள் இருந்து கேட்டாள் மனைவி புஸ்பராணி.

"ஓம். உன்ர தம்பிதான். லிபரலுக்குப் போடச் சொல்லுறான்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டுதான்."

"காலமை எங்கட அண்ணைக்கு என்ன சொன்னனீங்கள்?"

"கன்சர்வேட்டிவ் எண்டு."

"நேற்று அக்காவுக்கு?"

"லேபர்."

புஸ்பராணி கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். "உங்களுக்கு 'இல்லை' எண்டு ஒரு சொல் தமிழில இருக்கிறது தெரியுமோ?"

தெரியும். ஆனால் அந்தச் சொல் அவர் வாயில் வருவதில்லை. டென்மார்க்கில், ஹேர்னிங் ஊரில் ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மனிதருக்கு லண்டன் தேர்தலில் வோட்டு வந்ததும் அந்த ஒரு குறையால்தான். மட்டக்களப்பிலிருந்து அவர் முதலில் போய்ச் சேர்ந்தது லண்டன். ஹரோவில் பத்து வருடம் இருந்து பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டார். அதன் பிறகு ஹேர்னிங்கில் இருந்த புஸ்பராணியோடு கலியாணம் பேசி வந்தது. முதியோர் பராமரிப்பு வேலையை விட்டுவிட்டு லண்டனுக்கு வரமாட்டேன், நீங்கள் இங்கே வாருங்கள் என்றாள் அவள். "ஓம்" என்று சொல்லி வந்தவர்தான். குடியுரிமைக்கான டேனிஷ் பரீட்சைக்குப் பயந்து பாஸ்போர்ட்டை மட்டும் மாற்றவில்லை.

அவர் வந்து ஊர் பிடிபடுவதற்குள், புஸ்பராணியின் அண்ணன் மாமாங்கம், அக்கா தங்கேஸ்வரி, தம்பி கஜரூபன் மூவரும் ஹேர்னிங்கில் பிறந்த பிள்ளைகளை ஆங்கிலத்தில் படிக்கவைக்க வேண்டுமென்று குடும்பம் குடும்பமாக லண்டனுக்குப் போய்விட்டார்கள். போய்க் குடியேறியது இவர் விட்டுவந்த அதே ஹரோவில். அன்றிலிருந்து அவர்கள் ஆங்கிலேயரிலும் பார்க்க ஆங்கிலேயர். மழை பெய்தாலும் அரசாங்கத்தைத் திட்டுவார்கள், வெயில் எறித்தாலும் திட்டுவார்கள்.

நெடுங்காலம் வெளிநாட்டில் இருப்பவர்களும் வோட்டுப் போடலாம் என்று பிரிட்டனில் சட்டம் மாறியது. அந்தச் செய்தி குகநேசனை எட்டுமுன்பே மாமாங்கத்தை எட்டிவிட்டது. "உன்ர பாஸ்போர்ட் விபரத்தை அனுப்பு மச்சான்" என்று கேட்டு, அவருடைய பழைய ஹரோ விலாசத்தில் தானே இணையத்தில் பதிந்தும் கொடுத்தார். இப்படி ஒரு மச்சான் யாருக்குக் கிடைக்கும் என்று குகநேசன் நெகிழ்ந்துபோனார்.

நெகிழ்ச்சி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. "மச்சான், கன்சர்வேட்டிவ்ர நீலத்துக்குப் போடு. எங்கட வீடு முழுக்க நீலம்தான். எங்கட வேட்பாளர் வேட்டி கட்டித் தேர் இழுத்தவர்" என்றார் மாமாங்கம். "தம்பி, எங்கட ஆள் என்ர உளுந்துவடையைச் சாப்பிட்டிட்டு இன்னும் ரெண்டு கேட்டவர். லேபர்ர சிவப்புக்குத்தான் போட வேணும்" என்றாள் தங்கேஸ்வரி. கஜரூபனின் வீட்டு வாசல் றோட்டில் விழுந்திருந்த கிடங்கை மூடுவித்தவர் மஞ்சள் நிற லிபரல் கட்சிக்காரர். அதனால் அவன் மஞ்சள்.

சாதாரண காலமாக இருந்தால் யாராவது இரண்டு பேர் கோபிக்கட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் ஆவணியில் மகள் ரஜிதாவின் கலியாணம். தாய்மாமனாக மேடையில் நிற்க வேண்டியவர் மாமாங்கம். பலகாரம் முழுக்கத் தங்கேஸ்வரியின் பொறுப்பு. மணவறை அலங்காரத்தை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு லண்டனிலிருந்து வரப்போகிறவன் கஜரூபன். இதில் ஒருவர் முறுக்கிக்கொண்டாலும் கலியாணம் நொண்டும். மூவருமே முறுக்கிக்கொள்வதில் பெயர் எடுத்தவர்கள். போன தடவை ஒரு பிறந்தநாள் படத்தில் தன் தலை பாதி வெட்டுப்பட்டதற்காக மாமாங்கம் எட்டு மாதம் கதைக்காமல் இருந்தவர்.

"உண்மையைச் சொல்லுங்கோ. 'என்ர வோட், நான் யோசிச்சுப் போடுறன்' எண்டு சொல்லுங்கோ" என்றாள் புஸ்பராணி.

குகநேசன் உண்மையைச் சொல்லவில்லை. வோட்டுச் சீட்டு இன்னும் தபாலில் வரவில்லை என்று மூவருக்கும் சொன்னார். சீட்டு அன்று காலையிலேயே வந்து, அரிசி வாளிக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது.

"வரேல்லையோ!" மாமாங்கத்தின் குரல் நடுங்கியது. "அது எப்பிடி வராமல் போகும்? நான் விடமாட்டன் மச்சான்!"

விடவும் இல்லை. தன் மகள் நிரோஜாவைக் கொண்டு ஹரோ தேர்தல் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுப்பித்தார். மறுநாள் தங்கேஸ்வரி எடுத்தாள். கஜரூபன் நேரிலேயே போய் வரிசையில் நின்றான். டென்மார்க்கில் இருக்கும் இந்த மனிதர் யார், எந்த நாட்டு மந்திரி என்று அலுவலகத்தில் குழம்பியிருப்பார்கள். கடைசியில், சம்பந்தப்பட்ட ஆளே கதைத்தால்தான் ஏதும் செய்யலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு உன்னையும் அவையளையும் ஒரே லைனில போடுறன்" என்றார் மாமாங்கம். "நீ இங்கிலிஷில இறுக்கிப் பேசு."

குகநேசன் அவசரமாகக் குறுக்கிட்டார். "வந்திட்டுது மச்சான்! இப்பதான், இந்த நிமிசம்தான் தபால்காரன் போட்டிட்டுப் போறான்."

"இரவு எட்டு மணிக்கோ?"

"டென்மார்க்கில கோடையில வெளிச்சம்தானே" என்றார் குகநேசன்.

மாமாங்கம் அதற்கு மேல் கேட்கவில்லை. சந்தோஷத்தில் மூச்சு வாங்குவது கேட்டது. "அப்ப போட்டிட்டு ஒரு படம் எடுத்து அனுப்பு மச்சான்."

"படமோ?"

"உன்னை நம்பாமல் இல்லை. சும்மா, பார்க்க ஒரு ஆசை."

ஒரு மணித்தியாலத்துக்குள் தங்கேஸ்வரியும் படம் கேட்டாள். கஜரூபனும் கேட்டான். இருவரும் சொல்லிவைத்ததுபோல ஆசை என்றே சொன்னார்கள். இதென்ன, பிறந்த பிள்ளையின் முகமா ஆசையோடு பார்ப்பதற்கு என்று குகநேசனுக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் "ஓம்" என்றுதான் சொன்னார்.

ரஜிதாவுக்குத் தகப்பன் படும் பாட்டைப் பார்க்கச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "உங்கட மனசுக்கு எந்தக் கட்சி பிடிக்குதோ அதுக்குப் போடுங்கோ அப்பா" என்று டேனிஷில் சொன்னாள். எந்தக் கட்சி பிடிக்கும் என்று தனக்கே தெரியாது என்றார் அவர். உடனே இணையத்தில் ஒரு கேள்விக்கொத்தைத் திறந்தாள். டென்மார்க் தேர்தலில் அவள் அப்படித்தான் முடிவெடுப்பாள். கேள்விகளுக்குப் பதில் சொன்னால், உங்கள் கட்சி எது என்று அதுவே காட்டிவிடும்.

"வரியைக் குறைக்க வேணுமோ?"

"ஓம்."

"ஆஸ்பத்திரிக்குக் கூடக் காசு செலவழிக்க வேணுமோ?"

"ஓம், பாவம்தானே."

"அரசாங்கம் கடன் வாங்காமல் இருக்க வேணுமோ?"

"ஓம் ஓம்."

எல்லாக் கட்சிக்கும் ஒரே புள்ளி வந்தது. "கொம்பியூட்டரையும் உங்களைப்போல ஆக்கிப்போட்டியள்" என்றாள் புஸ்பராணி.

சனிக்கிழமை காலை, குகநேசனுக்கு வழி பிறந்தது. லண்டன் வாக்குச்சாவடிகளில் பென்சிலால்தான் பெருக்கல் குறிபோலப் புள்ளடி போடுவார்கள் என்பது ஞாபகம் வந்ததும், மேசை லாச்சியிலிருந்து ஒரு பென்சிலையும் அழிறப்பரையும் எடுத்தார். திட்டம் சுத்தமானது. நீலத்துக்குப் புள்ளடி, படம், அழி. சிவப்புக்குப் புள்ளடி, படம், அழி. கடைசியில் மஞ்சள். ஒவ்வொருவருக்கும் அவரவர் படம், காதும் காதும் வைத்தமாதிரி.

"உங்களுக்கு மூளை இருக்கு" என்றாள் புஸ்பராணி. "அதை ஏன் இப்பிடி வைச்சுக்கொள்ளுறீங்கள்?" ஆனாலும் சீட்டு அசையாமல் பிடித்தவள் அவள்தான்.

நீலப் புள்ளடி அழகாக விழுந்தது. மாமாங்கத்துக்குப் படம் போனது. ஆனால் அழித்த பிறகும் அடையாளம் தெரிந்ததால், இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தார். சிவப்பும் முடிந்தது, தங்கேஸ்வரிக்குப் போனது. அதன் அடையாளமும் போக மறுத்தது. இரண்டு தடம் தெரிகிற சீட்டைக் கஜரூபன் கண்டால் கதை கந்தலாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தார். மெல்லிய தாள் எவ்வளவுதான் தாங்கும்? மஞ்சளுக்குப் புள்ளடி போட்டு, படம் எடுக்க நிம்மதியாகச் சீட்டைத் தூக்கிப் பிடித்தபோது, நீலமும் சிவப்பும் இருந்த இடத்தில் ஒரு பெரிய ஓட்டை. ஓட்டைக்குள்ளால் புஸ்பராணியின் முகம் தெரிந்தது. அழுத்தித் தேய்த்த தேய்ப்பில் மஞ்சள் கட்டமும் கிழிந்து தொங்கியது. ஓட்டையும் கிழிசலும் தெரியாதபடி தன் பெருவிரலை வைத்துப் படம் எடுத்துக் கஜரூபனுக்கு அனுப்பினார்.

"இது இனிச் செல்லுமோ?"

"செல்லாது" என்றார் குகநேசன். கொஞ்சம் குறுகுறுத்தது. இருபது வருடத்துக்கும் மேலாக வோட்டே இல்லாமல் இருந்தவருக்கு வந்த முதல் வோட்டு அது. பிறகு தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். நாடு முழுவதும் கோடிக்கணக்கில் போடுகிறார்கள். ஹரோவில் இவர்களுடைய மூன்று வீட்டிலும் சேர்த்தாலே ஒன்பது வோட்டுத் தேறும். ஒன்று ஓட்டையானால் அரண்மனை இடிந்துவிடாது. கிழிந்த சீட்டை மடித்து உறையில் இட்டு, கையெழுத்தும் வைத்து, தபாலில் போட்டார்.

ஆவணியில் ஹேர்னிங் மண்டபத்தில் கலியாணம் அமர்க்களமாக நடந்தது. தாய்மாமன் பட்டுவேட்டியில் நின்றார், பலகாரம் மலைபோல வந்தது, மணவறை ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. தேர்தலில் யார் வென்றார்கள் என்பதா? மூவரில் வென்ற கட்சிக்காரர் "உன்னாலதான் வெண்டம்" என்று காதுக்குள் சொல்லிக் கட்டிப்பிடித்தார். தோற்ற இருவரும், "நீ போட்டபடியால்தான் இவ்வளவுக்காவது வந்தம்" என்று தனித்தனியாகக் கையைப் பிடித்தார்கள். மூவருக்கும் கண் கலங்கியிருந்தது. கலியாண வீடுதானே என்று குகநேசன் நினைத்துக்கொண்டார்.

பந்தியில் அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் நிரோஜா, கையில் பாயாசக் குவளையோடு.

"மாமா, அப்பாவுக்குச் சொல்லமாட்டன். உண்மையா ஆருக்குப் போட்டனீங்கள்?"

கலியாணம் நல்லபடி முடிந்த தெம்பில் குகநேசன் எல்லாவற்றையும் சொன்னார். அரிசி வாளி, பென்சில், அழிறப்பர், பெருவிரல். நிரோஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஓட்டை என்றதும் சிரிப்பு நின்றது.

"அப்ப அந்த வோட் ஒருத்தருக்குமே போகேல்லையோ?"

"ஒரு வோட்டால என்ன பிள்ளை குறைஞ்சுபோச்சு? உங்கட மூண்டு வீட்டிலயும் ஒன்பது பேர் போட்டிருப்பியள்தானே."

நிரோஜா குவளையை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"மாமா, நாங்கள் ஒன்பது பேரும் இன்னும் டென்மார்க் பாஸ்போர்ட்தான். அங்க லண்டனில வெளிநாட்டுக்காரர் எண்டு இந்தப் பெரிய எலக்சனில வோட் இல்லை, இஞ்ச டென்மார்க்கில ஊரைவிட்டுப் போனாக்கள் எண்டு வோட் இல்லை. எங்கட முழுக் குடும்பத்துக்கும் இருந்தது உங்கட அந்த ஒரு வோட்தான்."