சர்வதேச வனவீராங்கனையும் மூன்று நாள் யானைச் சீட்டும்

ஒரு காட்டில், மரம் அடர்ந்த பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள், காட்டுக்குத் தெற்கே புல் மட்டும் முளைக்கிற பொட்டலில், தவிட்டழகி என்று ஒரு வெளிமான் இருந்தாள். தவிட்டு நிறம், மெல்லிய கால், பெரிய கண். கொம்பு எங்கே என்று கேட்காதீர்கள். வெளிமானில் ஆணுக்குத்தான் கொம்பு, பெண்ணுக்குக் கால். தவிட்டழகிக்கு வாய்த்த கால் லேசுப்பட்டதல்ல. புழுதி எழும்புவதற்குள் அவள் அடுத்த மேட்டில் நின்று திரும்பிப் பார்ப்பாள்.

அவளுக்கு இருந்தது ஒரே கவலை. பொட்டல் சுருங்கிக்கொண்டே வந்தது. எந்தப் புண்ணியவான் விதை போட்டானோ, சீமைக்கருவேலம் முளைத்து, ஒன்று பத்தாகி, பத்து ஆயிரமாகி, ஓடுகிற இடமெல்லாம் முள்ளாகிவிட்டது. வெளி இருந்தால்தான் ஓநாய் வருவது தெரியும். தெரிந்தால்தான் ஓட முடியும். போன ஆடியில் அவள் நாத்தனார் காலில் முள் ஏறி மூன்று மாதம் நொண்டினாள். இப்போது மந்தையில் ஒன்பது பேர் பிள்ளை உண்டாகியிருந்தார்கள், தவிட்டழகியையும் சேர்த்து. பங்குனியில் குட்டிகள் பிறந்துவிடும். பிறக்கிற குட்டி காலை உதறி ஓடிப் பார்க்க நாலடி இடம் கிடையாது. அதை நினைத்தாலே அவளுக்குப் புல் ருசிக்காது.

முள்ளை வேரோடு பிடுங்க யானைகளால்தான் ஆகும். பெரியக்கா என்று காடே கூப்பிடும் மூத்த பெண் யானையிடம் போய் நின்றாள்.

"பிடுங்குறதுக்கு என்னம்மா, ஒரு வாரத்து வேலை" என்றது பெரியக்கா. "ஆனா கமிட்டிச் சீட்டு வேணுமே. சீட்டு இல்லாம ஒரு செடியைத் தொட்டாலும் விளக்கம் கேட்டு ஓலை வந்துருது."

கமிட்டிக்குத் தலைவர் கரடி பூபாலனார். செயலாளர் உடும்பு ஏகாம்பரம். பதினோரு வருஷமாக அந்த நாற்காலியில் இருக்கிறார், உடும்புப் பிடி. தவிட்டழகி ஏழு தடவை மனு கொடுத்தாள். ஏழு தடவையும் "ஆவன செய்யப்படும்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலைத் தின்று பார்த்தாள், அதுவும் ருசிக்கவில்லை.

அப்போதுதான் ஆள்காட்டிக் குருவி கத்திக்கொண்டே வந்தாள். ஆள்காட்டியும் அந்தப் பொட்டலில் தரையில் முட்டையிட்டுப் பிழைக்கிறவள்; இவளுக்கு உயிர்த்தோழி.

"அடியே தவிடு! விஷயம் தெரியுமா? சர்வதேச வனவீராங்கனை விருதாம்! ஏழு தேசத்துக் காட்டிலிருந்தும் பொம்பளைங்க மட்டும் ஓடணுமாம். ஜெயிக்கிறவளுக்குப் பதக்கம், பொன்னாடை..."

"பொன்னாடையை வச்சு நான் என்னடி செய்ய?"

"முழுசாக் கேளுடி! அதோட மூணு நாள் யானை வேலை. நீ காட்டுற இடத்துல!"

தவிட்டழகி மேய்வதை நிறுத்தினாள். மூன்று நாள் என்றால் பாதிப் பொட்டலாவது தேறும். பாதி போதும்.

விண்ணப்பப் படிவம் வாங்க வரிசையில் நின்றாள். படிவத்தில் நாலாவது கேள்வி: "கொம்பின் நீளம். கட்டாயம் நிரப்பவும்." அவள் யோசித்துவிட்டு "இல்லை" என்று எழுதினாள். உடும்பு ஏகாம்பரம் திருப்பித் தள்ளினார்.

"காலியா விட்டா ஏத்துக்க மாட்டோம்மா."

"ஐயா, இது பெண்களுக்கான விருதுதானே? எங்களுக்கு ஏதுய்யா கொம்பு?"

"படிவம் ஆம்பளைங்க விருதுக்கு அடிச்சது. நிறைய மிஞ்சிப்போச்சு. புதுசா அடிக்கணும்னா கமிட்டி கூடணும். கமிட்டி கூடுனா போண்டா சாப்பிடவே நேரம் சரியா இருக்கு."

"அப்ப நான் என்ன எழுதட்டும்?"

ஏகாம்பரம் நாக்கை வெளியே நீட்டி உள்ளே இழுத்து யோசித்தார். "வீட்டுக்காரருக்கு இருக்குமில்ல? அதை எழுது."

எழுதினாள். படாரென்று முத்திரை விழுந்தது. அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்காரர் கொம்பை மரத்தில் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டு, "பாரு, கடைசியில நம்ம கொம்புதான் கை கொடுத்துச்சு" என்று மந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பாவம், நல்லவர்தான். இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஓட்டப் போட்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நடந்ததே கொஞ்ச நேரம்தான். கடல் தாண்டிய தீவுக் காட்டிலிருந்து வந்த ஒரு புள்ளிமான் மட்டும் கடைசிவரை விடாமல் துரத்தினாள். கொடியசைத்துவிட்டு ஏகாம்பரம் நன்றி சொல்ல ஆரம்பித்து, மூன்றாவது பெயருக்கு வருவதற்குள் தவிட்டழகி எல்லைக்கோட்டைத் தாண்டி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். வயிற்றுக் குட்டிக்கு அது முதல் ஓட்டம்.

மார்கழியில் விருது விழா. கரடியார் குகைக்கு முன்னால் பிரமாதமான பந்தல். வாசலில் இரண்டு பனை உயரத்துக்கு ஒரு பேனர். அதில் கரடி பூபாலனார் கும்பிட்டபடி சிரித்தார். பக்கத்தில் ஏகாம்பரம். கீழே வரிசையாகக் கமிட்டி உறுப்பினர்கள், அவர்களுடைய மைத்துனர்கள். வலது மூலையில், குளம்பு அளவு வட்டத்துக்குள், யாரோ ஒரு மான்.

"இது நீ இல்லடி" என்றாள் ஆள்காட்டி உற்றுப் பார்த்து. "இதுக்குப் புள்ளி இருக்கு."

"பரவாயில்ல விடு. யானைச் சீட்டு என் பேர்ல இருந்தாப் போதும்."

மேடையில் பதினோரு நாற்காலி. தவிட்டழகிக்கு ஒன்றும் இல்லை. "ஓடுறவங்களுக்கு உட்கார்ந்தா கால் பிடிச்சுக்கும்மா, அக்கறையிலதான் சொல்றேன்" என்று ஏகாம்பரம் அவளைப் படிக்கட்டோரம் நிறுத்தினார். பிறகு தொடங்கியது பொன்னாடை. தலைவருக்குச் செயலாளர் போர்த்தினார், செயலாளருக்குத் தலைவர் போர்த்தினார், உறுப்பினர்கள் இருவருக்கும் போர்த்தினார்கள், மைத்துனர்களும் சும்மா இருக்கவில்லை. பதினான்கு பொன்னாடைக்குள் கரடியார் வியர்த்துக் கொட்டினார். ஆனால் ஒன்றையும் கழற்றுவதாக இல்லை.

சிறப்பு விருந்தினர் ஒரு வரித்தலை வாத்து. பனிமலைக்கு மேலே, மூச்சு முட்டுகிற உயரத்தில், இறக்கையை நம்பியே இவ்வளவு தூரம் பறந்து வந்த பெண்மணி. அவரிடம் ஏகாம்பரம், "பயணமெல்லாம் சௌகரியமா? வழியில உட்கார இடம் கிடைச்சுதா?" என்று விசாரித்தார். அந்த அம்மாள் நேரே ஒலிபெருக்கி முன்னால் போய் நின்று, தவிட்டழகியின் ஓட்டத்தைப் பற்றி மட்டுமே ஏழு நிமிஷம் பேசினார். அவள் கால் எங்கே ஊன்றியது, எங்கே எழும்பியது, எல்லாம் போட்டியன்று மேலே வட்டமிட்டபடி கவனித்திருந்தார். "அவர்களே, இவர்களே" என்று ஒரு வார்த்தை கிடையாது. படிக்கட்டோரம் நின்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் ஓட்டத்தை ஒருத்தர் பார்த்திருக்கிறார் என்பதே அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

அவள் முறை வந்தபோது பொன்னாடை தீர்ந்துவிட்டிருந்தது. கரடியார் பெரிய மனசு பண்ணித் தன்னுடைய பதினான்கில் ஒன்றை உருவிப் போர்த்தினார். படம் எடுத்ததும் ஏகாம்பரம் அதை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். பதக்கம் மட்டும் கழுத்தில் தங்கியது. அதிலும் கரடியார் கும்பிட்டபடி சிரித்தார்.

கூட்டம் போண்டாவைப் பார்த்துக் கலைந்ததும் தவிட்டழகி மெதுவாகக் கேட்டாள்.

"ஐயா, அந்த மூணு நாள் யானைச் சீட்டு?"

"அதுவா?" ஏகாம்பரம் ஆச்சரியப்பட்டார். "அதான் முடிஞ்சுபோச்சேம்மா! இந்த இடத்தைச் சமன் பண்ணுனது யாரு, பந்தக்கால் நட்டது யாரு, வெளிநாட்டு விருந்தாளிங்க வந்து இறங்கத் தளம் போட்டது யாரு? எல்லாம் யானைங்கதான். மூணு நாளும் சரியாப்போச்சு."

"நான் காட்டுற இடத்துலன்னு சொன்னீங்களேய்யா!"

"உனக்குத்தானேம்மா விழா. உனக்காகப் போட்ட பந்தல். அப்ப உன் கணக்குதானே?"

 தவிட்டழகி பந்தலுக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். சத்தமில்லாமல், ஆனால் நிறைய. ஒன்பது குட்டிகளும் முள்ளுக்குள்தான் கண் விழிக்கப் போகின்றன. ஆள்காட்டி பக்கத்தில் உட்கார்ந்து, வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கத்தாமல் இருந்தாள்.

அப்போது பந்தல் துணிக்கு அந்தப் பக்கம் இன்னொரு விசும்பல் கேட்டது. கரடியார்.

"ஏகாம்பரம், அந்த வாத்தம்மா என் பேரைச் சொன்னாங்களாய்யா?"

"இல்லீங்க ஐயா."

"ஏழு நிமிஷம்யா! ஏழு நிமிஷமும் அந்தப் பொண்ணோட காலைப் பத்தியே பேசுனாங்க. கொடுத்தவன் யாரு? நான். கொடுத்தவனைப் பாராட்ட இந்தக் காட்டுல ஒரு நாதியில்லையே!"

தவிட்டழகியின் அழுகை சட்டென்று நின்றது. தோழிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தவிட்டழகி கண்ணைத் துடைத்துக்கொண்டு, துணியை விலக்கி, முன்னங்காலை மடக்கி வணக்கம் சொன்னாள்.

"ஐயா, தப்பா நினைக்கக்கூடாது. விருது கொடுத்த உங்களுக்கு ஒரு பாராட்டு விழா எடுக்கணும்னு எங்க பொட்டல் ஜனம் ரொம்ப நாளா ஆசைப்படுது."

"எனக்கா? சேச்சே, எனக்கெதுக்கும்மா அதெல்லாம். எந்தத் தேதி?"

"தை மாசம் வச்சுக்கலாங்க. ஆனா இடம்தான் பொருந்தி வரல. எங்க பொட்டல் முள்ளாக் கிடக்கு. இருக்கிற இடத்துல இருநூறு பேர்தான் நிக்கலாம்."

"இருநூறா?" கரடியாரின் முகம் விழுந்தது.

"முள்ளு மட்டும் இல்லேன்னா ஏழு தேசமும் நிக்கும். கைதட்டுனா மலை எதிரொலிக்கும். அந்த பேனரை நட்டா அடுத்த காட்டுலேர்ந்து தெரியும். என்ன செய்யறது, நமக்குக் கொடுப்பினை இல்ல."

கரடியார் எழுந்தேவிட்டார். "ஏகாம்பரம், எழுதுய்யா சீட்டு! பன்னிரண்டு நாள். எல்லா யானையும்!"

"ஐயா, மூணு நாளுக்கு மேல விதி இடம் கொடுக்காதுங்களே."

"அது விருதுக்கு. இது எனக்கு."

யானைகள் வந்தன. வேர் கூட மிஞ்சாமல் பிடுங்கின. "ஏழு மனுவுக்கு அசையாத சீட்டு, எப்படிம்மா?" என்று பெரியக்கா கேட்டது. "கேக்காதீங்கக்கா, வேரோட பிடுங்குங்க" என்றாள் தவிட்டழகி.

தையில் விழா ஜோராக நடந்தது. கரடி பூபாலனாருக்கு "பெண் ஓட்டத்தின் தந்தை" என்று பட்டம் கொடுத்தார்கள். அவர் ஆயுளில் ஓடியது ஒரே தடவை, தேனீக்கு முன்னால். ஆனாலும் ஏற்புரையில் ஓட்டத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார். தவிட்டழகி முதல் வரிசையில் நின்று குளம்பு தேயத் தேயத் தட்டினாள். பந்தலைப் பிரித்த மறுநாள் மந்தை மொத்தமும் அந்த வெளியில், காரணமே இல்லாமல், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது. பங்குனியில் ஒன்பது குட்டி பிறந்தன. தவிட்டழகியின் மகள் இரண்டாம் நாளே துள்ளினாள். அதைப் பார்த்து இவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

முள் திரும்ப முளைக்கும் அல்லவா? முளைத்தது. ஆனால் வருஷா வருஷம் கரடியாருக்குப் பிறந்தநாளும் வந்தது.

ஒருநாள் அந்தத் தீவுக் காட்டுப் புள்ளிமான் கடல் தாண்டி இவளைத் தேடி வந்தாள். "அக்கா, எங்க ஊர்லயும் ஓட இடமில்லாம முள்ளு மண்டிப்போச்சு. அடுத்த விருதை எப்படியாவது வாங்கணும். காலுக்கு என்ன பயிற்சி செய்யறீங்க?"

"கால் கிடக்கட்டும்டி" என்றாள் தவிட்டழகி. "உங்க ஊர்க் கமிட்டித் தலைவருக்குப் பிறந்தநாள் எப்ப?"

நீதி: வேகமாக ஓடுகிறவளுக்குப் பதக்கம் கிடைக்கும்; மைதானம் வேண்டுமென்றால், ஓடவே தெரியாத ஒருவரைத் தேடிப் பிடித்துப் பாராட்டு விழா எடுக்க வேண்டும்.