மாப்பிள்ளை மறைத்த சிவப்புக் கோடுகள்

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கே என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகம். நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பதை நேற்றுதான் நேரில் பார்த்துவிட்டு வந்தேன். ஆகவே அதை விசாரித்துத் தாளை வீணாக்கவில்லை. இது போனில் சொல்ல வேண்டிய சங்கதிதான். ஆனால் நான் ‘கம்ப்யூட்டர்’ என்று வாயெடுத்ததும், “இரும்மா, மாப்பிள்ளைகிட்டயே குடுக்கிறேன்” என்று போனை அவர் கையில் திணித்துவிடுகிறீர்கள். அவரைப் பற்றி அவரிடமே எப்படிப் புலம்புவது?

உங்கள் மகளைக் கட்டிய அந்த மேதை உங்கள் கண் மருத்துவமனைக்குச் செய்துகொடுத்த வலைத்தளத்தில் மூன்று பாகங்கள். வரவேற்பு மேசையில் நோயாளியைப் பதிகிற பாகம் ஒன்று, உங்கள் அறையில் அவர் விவரம் காட்டுகிற பாகம் ஒன்று, கூடத்துச் சுவரில் டோக்கன் எண் காட்டுகிற பாகம் ஒன்று. மூன்றுக்கும் தெரிய வேண்டிய செய்தி ஒன்றே ஒன்றுதான்: இப்போது யார் முறை? இதை ஓரிடத்தில் வைத்து மூன்றும் அங்கிருந்து எடுத்துக்கொள்வதுதான் உலக வழக்கம். நம் மாப்பிள்ளை மூன்று பாகங்களுக்கும் தனித்தனிப் பிரதி கொடுத்துத் தனிக்குடித்தனம் வைத்துவிட்டார். ஒரு வீட்டில் டோக்கன் என்பது எண், இன்னொரு வீட்டில் அதுவே வெறும் எழுத்து. அதனால்தான் ஒன்பதாம் நோயாளி போனதும் சுவர்த் திரை ஒன்பதோடு ஒன்றைக் கூட்டாமல், ஒன்பதுக்குப் பக்கத்தில் ஒன்றை ஒட்டித் தொண்ணூற்றொன்றைக் கூப்பிட்டது. பத்தாம் டோக்கன்காரர் எழுந்து நின்று, “ஏங்க, நடுவுல இருக்கிறவங்களுக்கெல்லாம் கண்ணு தானா சரியாயிடுச்சா?” என்று கேட்டபோது நீங்கள் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டீர்களாமே.

அதைக்கூடச் சிரித்துத் தள்ளிவிடலாம். கண்ணாடியின் கால் உடைந்து வந்த அந்தத் தபால்காரரைச் சொல்லுங்கள். அவர் பதிவு எண் மேசையில் எழுத்தாக இருக்கிறது, உங்கள் அறையில் எண்ணாகத் தேடுகிறது. இரண்டும் எந்த ஜென்மத்தில் பொருந்தும்? பொருந்தாவிட்டால் பட்டியலின் முதல் ஆளைக் காட்டு என்று மாப்பிள்ளை எழுதி வைத்திருக்கிறார். முதல் ஆள் அறுவை சிகிச்சைக்கு வந்தவர். அந்த விவரத்தைப் பார்த்து நர்ஸம்மா தபால்காரர் கண்ணில் மருந்து ஊற்றிக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டார். “அம்மா, எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு, கண்ணாடிக்குத்தான் கால் இல்ல” என்று அந்த மனிதர் கத்தியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? அதற்குப் பிறகுதானே நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள்.

வந்து நிரலைத் திறந்தேன். அண்ணா, எண்ணும் எழுத்தும் பொருந்தாத இந்த ‘வகை சேரவில்லை’ என்கிற பிழையைக் கணினி ஒளித்தெல்லாம் வைக்காது, தப்பான வரிக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டு அழும். அந்த அழுகையை நிறுத்த ஒரு சொல் இருக்கிறது: ‘எனி’. எது வந்தாலும் சரி, நான் கேட்க மாட்டேன் என்று அர்த்தம். அதை மாப்பிள்ளை வாசலில் தண்ணீர் தெளிப்பதுபோல வரிக்கு வரி தெளித்திருக்கிறார். “என்ன மாப்பிள்ளை இது?” என்றேன். பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே, “அது சும்மா சிவப்புக் கோடு அத்தை, கண்டுக்காதீங்க” என்றார். “கண்டுக்காம இருக்கத்தான் அது கோடு போடுதா?” என்றேன். “எல்லாருமே இப்படித்தான் அத்தை போடுறாங்க” என்றார். எந்த எல்லாரும் என்று கேட்பதற்குள் பிஸ்கட் தீர்ந்து, எழுந்து போய்விட்டார்.

அவர் தெளித்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்கினேன். திரை முழுக்க அம்மை போட்டதுபோலச் சிவந்தது. டோக்கன் என்றால் எண், வேறெதுவும் இல்லை என்று ஓரிடத்தில் எழுதினேன். நோயாளி என்றால் ஒரு ஆள், அல்லது இன்னும் யாரும் வரவில்லை, இரண்டில் ஒன்று. மூன்று பாகங்களுக்கும் பொதுவாக ஓரிடம் கட்டினேன். யார் அதைத் தொட்டாலும் முதலில் ‘ஆள் இருக்கிறாரா?’ என்று கேட்க வேண்டும், இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். நீங்கள் மருத்துவமனையைச் சாத்தும்போது ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. அப்போது அண்ணியிடம் என்ன சொன்னீர்கள்? “மாப்பிள்ளையும் தங்கச்சியும் சேர்ந்து சரி பண்ணிட்டாங்க.” சேர்ந்து! அவர் செய்த வேலை விளக்கை அணைத்தது மட்டும்தான். நீங்கள் அப்படிச் சொன்னதும் ஆமாம் என்று தலையை வேறு ஆட்டினாரே, அந்தத் தலையாட்டலை மட்டும் நான் மறக்க மாட்டேன். இனி அவர் அந்தக் கணினியின் தூசியைக்கூடத் துடைக்கக் கூடாது. துடைத்தால் நான் உங்கள் வாசல் மிதிக்க மாட்டேன்.

அண்ணிக்கு என் அன்பு. உங்கள் மகளுக்கு எல்லா நலமும், குறிப்பாக நிறையப் பொறுமையும் வாய்க்கட்டும். மாப்பிள்ளை நீடூழி வாழட்டும், கணினிக்குக் கூப்பிடு தூரத்துக்கு அப்பால்.

இப்படிக்கு,
உங்கள் ஒரே தங்கை

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும்போது வரவேற்பு மேசைப் பெண் போனில் கூப்பிட்டாள். காலையில் மூன்று திரையும் வெள்ளை வெளேரென்று இருந்ததாம். பிழை என்று ஒரு வரி இல்லையாம். பொது இடத்துக்கு உள்ளே இருக்கிற பாகத்துக்குத்தான் அங்கே இருக்கிற ஆள் தெரிவார்; அதைக் கட்டிய நான் பாகங்களை அதற்குள்ளே வைக்காமல் வெளியிலேயே விட்டுவிட்டேன். கோடு இல்லை என்ற பெருமையில் திரையைத் திறந்தும் பார்க்கவில்லை. மூன்றும் ‘ஆள் இருக்கிறாரா?’ என்று கேட்டு, இல்லை என்றதும், நான் சொல்லிக்கொடுத்தபடி கம்மென்று நின்றிருக்கின்றன. நல்லவேளை, முதல் நோயாளி வருவதற்குள் மாப்பிள்ளை உட்கார்ந்து மூன்றையும் உள்ளே தூக்கி வைத்துவிட்டாராம். ‘எனி’ எங்கேயும் போடவில்லையாம், கேட்டுவிட்டேன். “அத்தைக்குத் தெரிய வேண்டாம், பாவம், நாள் முழுக்க உட்கார்ந்து செஞ்சாங்க” என்று வேறு சொன்னாராம். இவ்வளவு எழுதிய பிறகு கிழிக்க மனம் வரவில்லை, அனுப்புகிறேன். படிக்கும்போது அவர் பக்கத்தில் இருந்தால், தங்கை நலம் விசாரித்து எழுதியிருக்கிறாள் என்று சொல்லிவிடுங்கள்.