ரிலீவரும் ஹாலந்துப் பெண்ணின் பையும்

2016 பிப்ரவரி 17, புதன்கிழமை, காலை 6.50. வியட்நாமின் வடக்கே சாப்பா என்ற மலையூரின் பேருந்து நிலையம். பனிமூட்டம், தூறல், ஒன்பது டிகிரி. உலகத்திலேயே யாரும் பையைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லக் கூடாத ஒரே மனிதர் என் பக்கத்தில் நின்றிருந்தார். திருடிவிடுவார் என்பதால் அல்ல. நகர மாட்டார் என்பதால்.

நெய்வேலியில் அவருக்குப் பெயர் ரிலீவர். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓட்டியவர். அடுத்த ஷிஃப்ட் ஆள், அதாவது ரிலீவர், வந்து பொறுப்பேற்காமல் இடத்தை விட்டுப் போகக் கூடாது என்பது அங்கே விதி. ஒருமுறை மழையில் ஆள் வராமல் மூன்று ஷிஃப்ட் நின்றார். அந்த இருபத்து நான்கு மணி நேரத்தையும் பதிவேட்டில் எழுதியவன் நேர அலுவலகக் குமாஸ்தாவான நான். சொந்த மகள் கல்யாணத்தில் யாரோ பன்னீர்ச் செம்பைக் கையில் கொடுத்துவிட்டுப் போக, முகூர்த்தத்துக்கு நான்கு பேர் போய் வாசலிலிருந்து அவரைத் தூக்கி வந்தார்கள்.

ஓய்வு பெற்ற எனக்கு மகள் வியட்நாம் பயணம் ஏற்பாடு செய்தாள். மனைவி விமானம் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். காலை நடைக்கு வரும் ஒன்பது பேரில் பாஸ்போர்ட் வைத்திருந்தவர் ரிலீவர் மட்டுமே. என் முதுகுப்பை 9 கிலோ 400 கிராம். அவருடையது 14 கிலோ. அதில் ஊறுகாய் மட்டும் 3 கிலோ.

சாப்பா விடுதியில் எட்டுக் கட்டில் போட்ட அறை, ஒரே குளியலறை. மற்ற ஆறு பேரும் வெளிநாட்டு இளைஞர்கள். முதல் நாளே கதவில் ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், சி ஷிஃப்ட் என்று தாள் ஒட்டினார். ஆறு பேரும் வரிசை தவறாமல் குளித்ததுதான் எனக்கு அவமானம். அவர்களில் ஒரு ஹாலந்துப் பெண்ணிடம், "ஊருல எந்த பிளாக்கும்மா?" என்று, எண் போட்ட பிளாக்குகளாகப் பிரிந்த நெய்வேலிக் குடியிருப்பில் கேட்பதுபோல், தமிழிலேயே கேட்டார். அவளும் ஏதோ ஓர் எண் சொன்னாள்.

அந்தப் பெண்தான் அன்று காலை பேருந்து நிலையத்தில் ஓடிவந்தாள். பாஸ்போர்ட்டை விடுதியில் மறந்துவிட்டாளாம். "அங்கிள், டூ மினிட்ஸ்" என்று பைகளை அவர் காலடியில் வைத்துவிட்டுப் பறந்தாள்.

ஹனோய்க்கு எங்கள் பேருந்து ஏழு மணிக்கு. அதை விட்டால் பன்னிரண்டுக்குத்தான். ஹனோயிலிருந்து விமானம் மாலை 5.40. பேருந்தில் ஆறு மணி நேரம். பன்னிரண்டில் ஏறினால் ஹனோய் சேரவே மாலை ஆறு.

6.58க்கு ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.

"யோவ், டீக்கடை அம்மாகிட்ட பைய குடுத்துட்டு வாய்யா."

"அந்தப் பொண்ணு எங்கிட்டதானுங்க சொல்லிச்சி."

"பிளேன் போய்டும்யா."

"அப்ப நீங்க ரிலீவ் பண்றீங்களா சார்? நான் பஸ் ஏறிக்கிறேன்."

நான் பேருந்தின் படியில் ஒரு காலை வைத்தேன்.

"நீங்க போங்க சார். நான் நின்னுகினு வரேன்."

ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். நான் பன்னிரண்டு வரை எண்ணினேன். பிறகு படியிலிருந்த காலை எடுத்துவிட்டேன். பேருந்து போய்விட்டது.

அவள் வந்தது 11.35க்கு. விடுதிக்காரர் பாஸ்போர்ட்டை அலமாரியில் பூட்டிவிட்டுச் சந்தைக்குப் போயிருந்தாராம். நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தவரைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். ரிலீவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. முறைப்படி ஒப்படைத்தார்: "பெரிய பை ஒண்ணு, சின்னப் பை ஒண்ணு, தண்ணி பாட்டில் ஒண்ணு, அதுல பாதி தண்ணி. சரி பாத்துக்கம்மா." அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

பன்னிரண்டு மணி பேருந்தில் என்னிடம் கேட்டார். "நீங்க ஏன் சார் போவல?"

"எனக்கு ரிலீவர் வரலைய்யா."

அவர் சிரிக்கவில்லை. சரிதான் என்பதுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புது டிக்கெட், ஓர் இரவு அறை, சாப்பாடு எல்லாம் சேர்ந்து ஆளுக்கு 14,370 ரூபாய். ஊர் வந்த மறுநாள் தன் பங்கை உறையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் வாங்கவில்லை. ஆக, அந்தப் பயணத்தில் எனக்கு ஆன கூடுதல் செலவு 28,740 ரூபாய்.