தாடை கட்டியிருந்தபோது வந்த குடிபூரல்

உயரத்தில் ஏறி விழுந்து தாடையை உடைத்தவர்கள் உலகத்தில் பலர் இருப்பார்கள். பாதுகாப்புக்காக ஏறி உடைத்தவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

மனோர் பார்க்கில் எங்கள் வீட்டுப் படிக்கட்டுக்கு மேலே, புகை வந்தால் கத்துகிற அலாரம் ஒன்று இருக்கிறது. மாதத்தில் ஒருமுறை அதன் பொத்தானை அமத்திப் பார்த்தால் போதும் என்றார்கள். நான் கிழமைக்கு இரண்டு முறை பார்ப்பேன். (நெருப்பு என்ன மாதக் கணக்குப் பார்த்தோ வரும்?) ஒரு ஞாயிறு காலை ஸ்டூலில் ஏறி அமத்தினேன். அலாரம் அருமையாக வேலை செய்தது. அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு நான்தான் விழுந்தேன்.

படியின் கைப்பிடியில் தாடை அடித்து இரண்டு இடத்தில் வெடித்துவிட்டது. ஒப்பரேசன் செய்து, உள்ளே தகடு வைத்து, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் லாஸ்ரிக் என்கிற குட்டி ரப்பர் வளையங்களால் சேர்த்துக் கட்டி அனுப்பினார்கள். நான்கு கிழமைக்கு வாய் திறக்கக் கூடாது. சாப்பாடெல்லாம் தண்ணீர்ப் பதத்தில்தான். வயிற்றைப் புரட்டிச் சத்தி வந்தால் மூச்சடைக்காமல் லாஸ்ரிக்கை வெட்டிவிட, ஒரு சின்னக் கத்தரிக்கோல் எப்போதும் கையோடு இருக்கவேண்டும் என்றும் நேர்ஸ் சொன்னார். நான் மூன்று வாங்கினேன். ஒன்று தலையணைக்குக் கீழே, ஒன்று காருக்குள், ஒன்று நூலில் கோத்துக் கழுத்தில்.

"தையல்கடை திறக்கப் போறியளோ?" என்று கேட்டாள் என் மனைவி வசந்தி.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆஸ்பத்திரியில் தந்த ஆங்கிலத் தாளில் எனக்கு விளங்கியவை இலக்கங்களும் சிவப்பு எழுத்துகளும்தான். இரண்டும் பயங்கரமானவை. மகள் அபியைக் கூப்பிட்டு மூன்று தடவை வாசிக்க வைத்தேன். அவளுக்கு அப்போது பதினேழு வயது, பொறுமை குறைவு.

"அப்பா, உங்கட நிறை எழுபத்திரண்டு. அறுபத்தஞ்சுக்குக் கீழ போனா, மூக்கால டியூப் விட்டுச் சாப்பாடு குடுக்கிறதைப் பற்றிப் பேசுவினமாம். பேசுவினம், அவ்வளவுதான். சில் பண்ணுங்கோ."

நான் கொப்பியில் எழுதிக் காட்டினேன்: *பேசிப்போட்டு என்ன செய்வினம்? விடுவினம்!*

இதில் எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. பத்து வருடமாக எங்கள் டொக்டர் "ஐந்து கிலோ குறையுங்கோ" என்று கெஞ்சியிருக்கிறார். நடந்தேன், ஓடினேன், சோற்றை விட்டேன், அரைக் கிலோ அசையவில்லை. இப்போது "குறைக்காதே" என்று சொன்னதும், இந்த உடம்பு கேட்டுக்கொண்டு நின்றதுபோல் இறங்கத் தொடங்கியது. முதல் கிழமை எழுபது. இரண்டாம் கிழமை அறுபத்தேழே முக்கால். குளித்த பின், குடிக்க முன், குடித்த பின் என்று ஒரு நாளைக்கு எட்டுத் தரம் தராசில் ஏறினேன்.

"தராசில நிண்டா உடம்பு வைக்காது. சாப்பிட்டாத்தான் வைக்கும்," என்றாள் வசந்தி.

சாப்பிடுவதா? அது ஒரு தொழில். வசந்தி காலையில் இடியப்பத்தையும் சொதியையும் பிளெண்டரில் போட்டு அடிப்பாள். மத்தியானம் சோறும் மீன்குழம்பும். நிறை குறையாமல் இருக்க எல்லாவற்றிலும் பட்டரும் ஆடைப்பாலும் விடச் சொல்லியிருந்தார்கள். மீன்குழம்புக்குள் ஆடைப்பால்! பிறகு அதை அரிதட்டில் வடித்து, பெரிய சிரிஞ்சில் இழுத்து, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இருக்கிற சின்ன இடைவெளியால் துளித்துளியாக விடவேண்டும். ஒரு கிண்ணம் குடிக்க முக்கால் மணித்தியாலம். குடித்து முடிய அடுத்த கிண்ணத்துக்கு நேரம் வந்துவிடும். இடையில் பசிக்கும் வேறு.

பார்க்க வந்த சனம் அதைவிட மோசம். ஒருவர் ஆப்பிள் கொண்டுவந்தார். இன்னொருவர் பருத்தித்துறை வடை. (தாடை நல்லா இருக்கேக்கையே அதைக் கடிக்கப் பயப்படுறவன் நான்.) எல்லோரும் எனக்கு முன்னால் இருந்து அந்த வடையை நொறுக்கி நொறுக்கித் தின்றுகொண்டே, "சரியா வத்திப் போனீர், என்னத்தைச் சாப்பிடுறீர்?" என்று என்னிடம் கேட்டார்கள். வாய் கட்டின மனிதனிடம் கேள்வி!

இந்த நிலைமையில்தான் தவம் மச்சான் ஃபோன் எடுத்தார்.

தவம் மச்சான் வசந்தியின் ஒரே அண்ணன். சட்டனில் இருக்கிறார். அவரோடு எங்களுக்கு நாலு வருடமாகப் பேச்சில்லை. காரணம் அபி பெரியபிள்ளையானபோது நாங்கள் செய்த சாமத்திய வீடு. தாய்மாமன் என்ற முறையில் மச்சான் மேடையில் நின்று எல்லாம் ஒழுங்காகச் செய்தார். பிறகு சாப்பாட்டு மேசைப் பக்கமே வராமல், கை நனைக்காமல் போய்விட்டார். ஏன் என்று ஒரு சொல் இல்லை. எங்கள் ஆட்கள் நடுவில் இதைவிடப் பெரிய அடி கிடையாது. வசந்தி அந்தப் பட அல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு அழுவாள்: "பாருங்கோ, ஒரு படத்திலயாவது பல்லுத் தெரியச் சிரிச்சவரோ? என்ன பிழை விட்டனாங்கள்?" யார் முதலில் கேட்பது என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே நாலு வருடம் போனது.

ஃபோன் அடித்தபோது வசந்தி குளித்துக்கொண்டிருந்தாள். அவசரமாக இருக்குமோ என்ற பயத்தில் நான் எடுத்தேன்.

"மச்சான், நான் தவம் கதைக்கிறன்."

"ம்ம்ம்!" என்றேன். அளவில்லாத சந்தோசத்தில் சொன்ன 'ம்ம்ம்' அது.

"புது வீடு எடுத்திருக்கிறம். வாற ஞாயிறு குடிபூரல். பழசை விட்டிட்டு வாங்கோ."

"ம்ம்ம். ம்ம்ம்ம்!"

"கோவம் இன்னும் போகேல்லைப் போல," என்றுவிட்டு வைத்துவிட்டார்.

வசந்தி தலை துவட்டாமலே திருப்பி எடுத்துச் சமாளித்தாள். என் ஒப்பரேசன் செய்தி சட்டனுக்குப் போய்ச் சேர்ந்தபோது 'பல்லுப் பிடுங்கினது' என்று சுருங்கியிருந்ததாம். அவள் விளக்கியதையும் மச்சான் பாதிதான் நம்பினார். ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ. நீங்கள் போய் அங்க சாப்பிடவேணும். ஒரு வாய் எண்டாலும். இல்லாட்டி பழிக்குப் பழி வாங்கிப்போட்டார் எண்டுதான் சனம் சொல்லும். எனக்கு இருக்கிறது ஒரு அண்ணை."

அந்தக் கடைசி வசனத்தை அவள் மெதுவாகத்தான் சொன்னாள். நான் கொப்பியில் எழுதினேன்: *பிளெண்டரைக் கட்டு.*

ஞாயிற்றுக்கிழமை பிளெண்டர், சிரிஞ்ச், அரிதட்டு, துவாய், கழுத்துக் கத்தரிக்கோல் சகிதம் சட்டனில் போய் இறங்கினேன். அன்று என் நிறை அறுபத்தாறு புள்ளி நாலு. மூக்குக் குழாய்க்கு இன்னும் ஒன்றரைக் கிலோகூட இல்லை.

"வாரும் மச்சான், இருந்து சாப்பிடும்," என்றார் தவம் மச்சான். குரலில் ஒரு எச்சரிக்கை இருந்தது. முன்னால் தட்டு வந்தது. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பயற்றங்காய், வடை, அப்பளம், மோர்மிளகாய். நான் கையால் வாயைக் காட்டினேன், தலையை ஆட்டினேன், கும்பிட்டேன். பின்னால் ஒரு கிழவர், "நான் சொன்னனான்தானே, பழசை மறக்கமாட்டினம்," என்று சொன்னது முழு ஹோலுக்கும் கேட்டது.

வசந்தி எழும்பினாள். "அவருக்கு வாய் கட்டியிருக்கு! அரைச்சுத்தான் குடிப்பார்!"

மச்சான் என் பல்லைக் குனிந்து பார்த்தார். லாஸ்ரிக்கைக் கண்டார். அவர் முகம் மாறியது. என் தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய், அதில் இருந்த எல்லாவற்றையும் எங்கள் பிளெண்டரில் கொட்டினார். எல்லாவற்றையும் என்றால் வடை, அப்பளம், மோர்மிளகாய் உட்பட. மேலே ஒரு கரண்டி பாயசமும் விட்டார், "இனிப்பில்லாமல் விடக்கூடாது" என்று. அடித்து வந்தது சீமெந்துக் கலவையின் நிறத்தில் இருந்தது. மணம் மட்டும் கல்யாண வீடு.

நாற்பது பேர் பார்க்க வாயில் சிரிஞ்ச் வைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. மச்சானுக்கு அது விளங்கியது. பிளெண்டர் ஜக்கையும் என்னையும் மேல்மாடி பாத்ரூமுக்குக் கூட்டிப்போனார். நான் மூடி வைத்த கொமோட்டில் இருந்து துளித்துளியாக விட, அவர் குளிக்கும் தொட்டியின் விளிம்பில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பத்து நிமிடம் இப்படியே போனது.

"மச்சான்," என்றார் திடீரென்று. "உமக்கு ஒண்டு சொல்லோணும். உமக்கெண்டபடியாச் சொல்லுறன். உம்மால இப்ப ஆருக்கும் சொல்ல ஏலாதுதானே?"

நான் தலையாட்டினேன்.

"அண்டைக்கு அபியின்ர விசேசத்தில நான் கோவத்தில போகேல்லை. அதுக்கு முதல் கிழமை துருக்கிக்குப் போய்ப் பல்லுக் கட்டினனான். முன்பல்லு எல்லாம். அண்டைக்கு இருந்தது தற்காலிகப் பல்லு. சோத்தில ஒரு கல்லுக் கடிபட்டாலும் கழண்டு விழுந்திடும். சபையில விழுந்தா என்ர மரியாதை என்னாகும்? அதுதான் வாயைத் திறக்காமல் படத்துக்கு நிண்டிட்டு ஓடினனான்."

இதன் பெறுமதி தெரியவேண்டுமானால் தவம் மச்சானின் பல்லைப் பற்றித் தெரியவேண்டும். எந்த விசேசத்திலும் இளம் பெடியங்களைப் பிடித்து வைத்து, "ஐம்பது வயசு, ஒரு பல்லு ஆடேல்லை, எல்லாம் வேப்பங்குச்சி" என்று பிரசங்கம் செய்கிற மனிதர் அவர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. தாடை கட்டியவன் சிரிக்கக் கூடாது என்று அந்தத் தாளில் சிவப்பில் போட்டிருக்கவேண்டும், போடவில்லை. வாயால் வரமுடியாத சிரிப்பு மூக்கால் வந்தது. அதோடு மோர்மிளகாயும் வந்தது. கண் இருண்டது. மூச்சு நிற்கப் போகிறது, சட்டன் பாத்ரூமில் நான் சாகப் போகிறேன், குடிபூரலில் செத்தவன் என்று பெயர் வரப்போகிறது என்று மூளை ஓடியது. கழுத்துக் கத்தரிக்கோலை எடுத்து டிக், டிக், டிக் என்று எல்லா லாஸ்ரிக்கையும் வெட்டினேன்.

சத்தி வரவில்லை. வயிற்றுக் காற்று ஒரு ஏவறையாக வந்தது. அவ்வளவுதான்.

ஆனால் வாய் திறந்துவிட்டது. மூன்று கிழமை அடைத்து வைத்த சத்தம் முழுவதும் ஒரே மூச்சில் வெளியே பாய்ந்தது:

"துருக்கிப் பல்லுக்காகவோ? கட்டின பல்லுக்காகவோ எங்களை நாலு வருசம் அழ விட்டனீர்?"

புது வீடு. தரைவிரிப்பு இல்லை, திரைச்சீலை இல்லை. சத்தம் சுவரில் பட்டுப் படியால் இறங்கி ஹோலுக்குப் போய்ச் சேர்ந்தது. கீழே கரண்டிச் சத்தம் நின்றது.

மச்சான் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நாலு வருடம் நாற்பது வருடமாகிறதைக் கண்டேன். ஒரு வாய் சாப்பிட்டு உறவைச் சேர்க்க வந்தவன், ஒரு வாய் பேசி அறுத்துவிட்டேன். அப்போதுதான் தாடையில் நோவும் தெரிந்தது, நன்றாகவே.

படியில் தடதடவென்று ஏறி வந்தவள் வசந்தி. கையில் சோற்றுக் கரண்டி.

"அண்ணை, வாயைத் திறவுங்கோ."

"வசந்தி, சனம் நிக்குது..."

"திறவுங்கோ எண்டுறன்!"

திறந்தார். பல்வைத்தியர்போலக் குனிந்து நன்றாகப் பார்த்தாள். பிறகு கரண்டியால் அவர் தோளில் ஒன்று போட்டாள்.

"வடிவாத்தானே கட்டியிருக்கினம். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, அண்டைக்கு உங்களுக்குக் கஞ்சி காய்ச்சித் தந்திருப்பனே அண்ணை." சொல்லும்போதே அழுதுவிட்டாள். மச்சானும் அழுதார். நான் அழவில்லை, மூக்குக்குள் இன்னும் மிளகாய் இருந்ததால் கண்ணீர் தானாக ஓடியது.

மச்சான் கீழே இறங்கி, எல்லோரும் அவர் வாயையே பார்க்க, வசந்தி போட்ட சோற்றை அவளுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டார். அன்று அவர் மூன்று வடை கடித்தார். மூன்றாவது பிடிவாதத்துக்கு.

அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் டொக்டர் என் வாயைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். புது லாஸ்ரிக் போட்டு, மேலதிகமாக இரண்டு கிழமை தந்தார். (வீட்டில இருந்து சம்பளமில்லாமல் இன்னும் இரண்டு கிழமை கிண்ணம் கிண்ணமாக் குடி!) ஆனால் தராசில் அறுபத்தேழு காட்டியது. முதல் தடவையாக ஏறியிருக்கிறது! சாப்பாட்டு ஆலோசகர் சந்தோசப்பட்டு, என்ன குடித்தீர்கள் என்று கேட்டார். அபி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். அப்பளம் வந்ததும் எழுதுவதை நிறுத்திவிட்டு, "எதுவோ, அதையே தொடருங்கள்," என்றார்.

மூக்குக் குழாய் வரவில்லை. இரண்டு குடும்பமும் இப்போது ஒன்றுதான், மாதம் ஒருமுறை சட்டனிலோ எங்கள் வீட்டிலோ சாப்பாடு. வேப்பங்குச்சிப் பிரசங்கம் மட்டும் நின்றுவிட்டது.

ஆனால் அந்த நாளிலிருந்து எனக்கு எவரும் எதையும் சொல்வதில்லை. யார் வீடு வாங்குகிறார்கள், யாருக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது, எல்லாம் எனக்குக் கடைசியில்தான் வரும். போன மாதம் அபி தான் விரும்புகிற பெடியனைப் பற்றித் தாயிடம் சொன்னாள், மாமனிடம் சொன்னாள், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவியிடம்கூடச் சொன்னாள். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"மாமாதான் பொறுக்கச் சொன்னவர் அப்பா," என்றாள். "முதல் உங்களுக்கு லாஸ்ரிக் போட்டிட்டுச் சொல்லட்டாம்."