ஓரத்தில் நீலப் பென்சில்

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்குத் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதியே தீருவது என்ற வெறி பிடித்து மூன்று வருஷம் ஆகிறது. இதுவரை எழுதியது தலைப்பு மட்டும். அதையும் நாலு தடவை மாற்றியாகிவிட்டது.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். உலகத்தில் யார் தன் கதையை எழுதியிருந்தாலும் இவர் படித்தாக வேண்டும். கப்பல் சமையல்காரர் எழுதியதா, கொடுங்கள். ஓய்வுபெற்ற சிறைக் காவலர் எழுதியதா, அதையும் கொடுங்கள். எழுதுவது எப்படி என்று யாராவது புத்தகம் போட்டுவிட்டாலோ, அதைப் படித்து முடிக்கும்வரை சாப்பாடே இறங்காது. சனிக்கிழமைதோறும் நூலகத்திலிருந்து பை நிறையக் கொண்டுவந்து மேசைமேல் அடுக்குவார்.

வில்லங்கமே அந்த மேசையில்தான். வீட்டில் இருப்பது ஒரே பெரிய மேசை. மனைவி தையல்காரி; துணி வெட்ட அவளுக்கு வேறு இடம் கிடையாது. எழுத்தாளனுக்கு மேசைதான் முதல் சொத்து என்று எதிலோ படித்த அன்றே இவர் அதில் போய் உட்கார்ந்துகொண்டார். அவள் தரையில் மண்டியிட்டு வெட்டினாள். முழங்கால் வீங்கிப்போனது.

"ஏங்க, நாப்பது சீருடை வெட்டணும். மேசையைக் கொஞ்சம் விடுங்களேன்."

"இன்னைக்குத்தான் வருது."

"என்ன வருது?"

"முதல் வரி."

"போன மாசமும் அதுதானே வந்துச்சு?"

"வாசல் வரைக்கும் வந்துச்சு. நீ மெஷினை ஓட்டினே, திரும்பிப் போயிடுச்சு."

"மறுபடி வந்தா நானே உக்காரவச்சு உபசரிக்கிறேன். மேசையை விடுங்க."

"மேசை இல்லாம எந்த எழுத்தாளன் எழுதினான், சொல்லு பார்க்கலாம்."

அவள் மேசைமேல் இருந்த புத்தக அடுக்கை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அதற்குத்தான் இவர் பயந்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம், சிறைக் காவலரின் புத்தகத்தில் ஒரு பக்க ஓரத்தில் நீலப் பென்சிலால் யாரோ குண்டு குண்டாக எழுதியிருந்தார்கள்: 'பாவம், மேசையில் உட்கார்ந்து பதினோரு வருஷத்தை வீணடித்திருக்கிறார். மாடிப்படிக்கு மாறிய அன்றே எழுத்து வந்திருக்கும். இவர் வெட்கப்பட்டு அதைச் சொல்லவில்லை.'

இவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. யாரோ பெரிய ரசிகர், தனக்கு முன்னால் இதே புத்தகங்களைப் படித்துக்கொண்டே போகிறார். அவருக்கு நீலப் பென்சில் ஐயா என்று பெயர் வைத்தார். அன்று மாலையே மேசையைக் காலி செய்துவிட்டு மூன்றாவது படிக்குக் குடிபோனார். அடுத்த புத்தகத்திலும் ஐயா இருந்தார்: 'காய் நறுக்கிப் பழகிய கைக்குத்தான் சின்ன வாக்கியம் வரும்.' அதற்கடுத்ததில்: 'துணி காயப்போடத் தெரியாதவனுக்குப் பத்தி பிரிக்கத் தெரியாது.'

"என்னங்க, கத்தியும் கையுமா நிக்கிறீங்க?"

"ஐயா சொல்லியிருக்கார்."

"எங்க அப்பாவா?"

"உங்க அப்பாவுக்கு இவ்வளவு விஷயம் ஏது? இவர் ஞானி."

"அப்படியா? ஞானி பொடியா நறுக்கச் சொன்னாரா, பெருசாவா?"

கேலி செய்தாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், அந்தப் படியில், இவருக்கு நிஜமாகவே எழுத்து வந்துவிட்டது. முழுசாக இரண்டு பக்கம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் கடைக்குக் கண் சோதிக்க வந்த கதை. எழுத்துப் பலகையில் மூன்றாவது வரிக்குமேல் அவளுக்குத் தெரியவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டுக் கண்ணாடி போட்டுவிட்டார். ஆறே மாதத்தில் கண்ணாடியே வேண்டாமென்று ஆகிவிட்டது, இவரோடு கல்யாணமும் ஆகிவிட்டது. வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம் சொல்லும் பெருமைதான். 'அவளுக்குப் பார்வை கொடுத்தவன் நான்' என்று முடித்து, அடியில் இரண்டு கோடு போட்டார்.

"படிச்சுப் பாரு" என்று மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். வந்து பார்த்தால் அவள் இல்லை. துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தாள். தாளின் ஓரத்தில் நீல எழுத்து. ஐயாவின் அதே குண்டு எழுத்து. பக்கத்தில், சீருடைத் துணிமேல், அவள் துணியில் கோடு போடும் நீலப் பென்சில். இத்தனை வருஷத்தில் அவள் அளவு நம்பரைத் தவிர வேறு எதையும் எழுதி இவர் பார்த்ததில்லை. பார்க்கவும் நினைத்ததில்லை. நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து படித்தார்.

'ரொம்ப நல்லா இருக்கு. அழுதுட்டேன். ஒரே ஒரு திருத்தம். அன்னைக்கு எனக்குக் கடைசி வரி வரைக்கும் பளிச்சுன்னு தெரிஞ்சுது. நீங்க இன்னொரு தடவை கேக்கட்டும்னுதான் தப்பாப் படிச்சேன். அந்தக் கண்ணாடியை அஞ்சு நிமிஷம்கூடப் போட்டதில்ல. தலை சுத்துச்சு.'

வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து வந்து மனுஷனைத் திக்குமுக்காட வைத்தன. மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

மாடியிலிருந்து குரல் வந்தது. "ஏங்க, படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"முழுசாவா?"

"ம்."

"கடைசி வரி?"

அப்போதுதான் தாளின் அடியில் இன்னொரு வரி இருப்பது கண்ணில் பட்டது: 'அடுப்புல பால் வச்சிருக்கேன், பொங்குறதுக்குள்ள இறக்கிடுங்க.'

தீய்ந்த வாடை கூடத்துக்கு வந்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது.